ப.சி.யின் பேரேடு: நம்ம ஊரு எழுத மறந்த பற்று

கடைய தொறந்து மாசக்கணக்காச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதுவும் தேவையில்லாத ஆணியா பாத்துப் புடுங்கச் சொல்றாங்க. போன வாரம் ரெண்டு நாள் லீவு கெடச்சதுல ஊருக்குப் போனேன். நாச்சியாபுரம். காரைக்குடி பக்கம்னு சொன்னாத்தான் பெங்களூர்ல பாதிப் பேருக்குப் புரியும். அதுலயும் பாதிப் பேரு 'ஓ, செட்டிநாடு சிக்கன்'னு முடிச்சுருவாங்க.

ஊருல காலையில டீக்கடைக்குப் போனா அன்னிக்குப் பஞ்சாயத்து நம்ம ப.சிதம்பரத்தைப் பத்தி. ஏன் ஆரம்பிச்சுதுன்னு தெரியல. எங்க ஊரு டீக்கடையில எந்தப் பேச்சும் ஆரம்பிக்கிறதுக்குக் காரணம் வேண்டாம். ஒரு பெருசு சொல்லுது, "நம்ம மண்ணுல பொறந்து டெல்லியவே ஆட்டி வச்ச மனுசன்டா." இன்னொரு பெருசு, "ஆமா, ஆட்டி வச்சாரு. அப்புறம் தீகார்ல ஒக்கார வச்சாங்கள்ல?" மூணாவது ஒருத்தர் பேப்பர்லேருந்து தலைய எடுக்காமயே, "அதெல்லாம் இருக்கட்டும், இத்தன வருசத்துல தொகுதிக்கு என்னத்தச் செஞ்சாரு?"

நான் டீயக் குடிச்சிட்டு சும்மா வந்துட்டேன். சின்னப்பய, பெருசுங்ககிட்ட வாயக் கொடுத்தா "நீ எப்ப தம்பி வந்த, சம்பளம் எவ்வளவு"ன்னு பேச்சு நம்ம பக்கம் திரும்பிரும். ஆனா பஸ்ல திரும்பி வர்றப்ப பூரா அதே நெனப்பு. அங்க சொல்லாம விட்டத இங்க கொட்டிர்றேன். நீங்க மாட்டிக்கிட்டீங்க.

என் கட்சி இதுதான்: மூணு பெருசுங்களும் தப்பான கணக்கப் பாக்குறாங்க. மூணு பேரு மட்டும் இல்ல, நாம எல்லாரும்தான்.

முதல்ல வரவு

செட்டிநாட்டுல பொறந்துட்டு பற்று வரவு எழுதாமப் பேசக்கூடாது. வரவுப் பக்கத்துலேருந்து வருவோம்.

1945 செப்டம்பர் 16, கானாடுகாத்தான். அம்மா வழித் தாத்தா ராஜா சர் அண்ணாமலை செட்டியார், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கட்டினவர். பையன் சென்னையில சட்டம், ஹார்வர்டுல எம்.பி.ஏ. (1968) முடிச்சுட்டு வர்றார். வந்தவுடனே கம்பெனி ஆரம்பிக்கல. 1969ல என்.ராம், மைதிலி சிவராமன் கூடச் சேந்து 'ராடிகல் ரிவ்யூ'ன்னு ஓர் இடதுசாரிப் பத்திரிகை நடத்துறார். இத ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

அப்புறம் காங்கிரஸ். 1984ல சிவகங்கையில எம்.பி. அடுத்த வருசமே ராஜீவ் காந்தி அமைச்சரவையில துணை அமைச்சர், 1986ல உள்துறையில உள்நாட்டுப் பாதுகாப்பு இணை அமைச்சர். நரசிம்ம ராவ் காலத்துல வர்த்தகம். 1992ல ஃபேர்குரோத் பங்கு விவகாரத்துல ராஜினாமா, 1995ல திரும்ப உள்ள. 1996ல மூப்பனார் கூட த.மா.கா. தேவ கவுடா, குஜ்ரால்னு ரெண்டு பிரதமர்கிட்டயும் நிதியமைச்சர். 1999ல சிவகங்கையில தோல்வி. 2001ல தனியா ஒரு பேரவை. 2004ல மறுபடி நிதி. 2008 மும்பைத் தாக்குதலுக்கு அப்புறம் உள்துறை. 2012லேருந்து 2014 வரைக்கும் திரும்பவும் நிதி. சிவகங்கையில மட்டும் ஏழு தடவை ஜெயிச்சிருக்கார். ஒம்போது பட்ஜெட் போட்டிருக்கார்.

அந்த ஒம்போதுல ஒண்ணு 1997. 'கனவு பட்ஜெட்'னு பேரு வாங்கினது. தனிநபர் வருமான வரியோட உச்ச விகிதத்த 40 சதவீதத்துலேருந்து 30க்குக் கொறச்சார். அடியேன் அவதரிச்சதும் அதே வருசம்தான். நம்மளால நாட்டுக்கு என்ன பிரயோசனம்னு இன்னும் தெரியல, ஆனா அந்த 10-20-30 வரி அடுக்கு ரொம்ப வருசம் நெலச்சு நின்னுச்சு.

இன்னும் ஒரு வரவு. இது எங்க வீட்டு வரவு. எங்க அக்கா 2007ல இன்ஜினியரிங் சேந்தா. அப்பாகிட்ட அப்போ இருந்த காசுக்கு முதல் வருச ஃபீஸ் கட்டலாம், மிச்ச மூணு வருசத்துக்குப் பிள்ளையாருக்குத் தேங்காய்தான் ஒடைக்கலாம். கல்விக்கடன்தான் படிக்க வச்சுது. அந்தக் காலத்துல எங்க பக்கம் ஊருக்கு ஊரு பேங்க் கிளை தொறந்துக்கிட்டு இருந்தாங்க. கல்விக்கடன் கொடுங்க கொடுங்கன்னு நிதியமைச்சர் பேங்குகளப் போட்டு நெருக்குனாரு. 2014 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்ல, 2009 மார்ச்சுக்கு முன்னாடி கடன் வாங்கின பிள்ளைகளுக்கு 2013 கடைசி வரைக்கும் நிலுவையில இருந்த வட்டிய அரசாங்கமே ஏத்துக்குதுன்னு அறிவிச்சார். 9 லட்சம் பேருக்குப் பலன், 2,600 கோடி ரூபாய் செலவுன்னு கணக்கு சொன்னார். அந்த 9 லட்சத்துல எங்க அக்காவும் ஒருத்தி. அவ வேலைக்குப் போனதாலதான் நான் கடனே இல்லாம படிச்சேன். அதனால, நான் உக்காந்து இத டைப் அடிக்கிற லேப்டாப்ல ப.சி.க்கும் ஏதோ ஒரு மூலையில பங்கு இருக்கு. இல்லேன்னு சொன்னா அது நன்றி கெட்டத்தனம்.

"தொகுதிக்கு என்ன செஞ்சாரு"ன்னு கேக்குற பெருசுக்கு இது ஓரளவு பதில். முழுப் பதில் இல்ல. ஏன்னா காரைக்குடிக்காரன் யாரையும் அழகப்பச் செட்டியார் பக்கத்துல நிக்க வச்சுத்தான் அளப்பான். 300 ஏக்கர் நெலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்து, 1953ல சிக்ரி ஆராய்ச்சி நிலையத்த காரைக்குடிக்குக் கொண்டு வந்த ஆளு. மந்திரிப் பதவி எதுவும் இல்லாம. அந்த அளவுகோல வச்சு அளந்தா எந்த மந்திரியும் குள்ளம்தான்.

ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. ஒரு மத்திய மந்திரிய 'என் ஊருக்கு என்ன கொண்டு வந்த'ன்னு மட்டும் கேக்குறது, பேங்க் மேனேஜரப் பாத்து 'காலண்டர் தருவீங்களா'ன்னு கேக்குற மாதிரி. காலண்டர் தருவாரு. ஆனா அவரு கையில இருக்குறது பெட்டகச் சாவி. அத வச்சு என்ன பண்ணாருன்னு கேக்கணுமா இல்லையா?

நடுவுல ஒரு ஆபீஸ் கதை

பற்றுப் பக்கம் போறதுக்கு முன்னாடி, நான் பண்ணின ஒரு கோமாளித்தனத்தச் சொல்லணும்.

வேலைக்குச் சேந்த புதுசு. டேட்டாபேஸ்ல பழைய வாடிக்கையாளர் பதிவுகளச் சுத்தம் பண்றதுக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரு தேதியக் கொடுத்தா அதுக்கு முன்னாடி இருக்குற எல்லாத்தையும் தொடச்சுரும். 'நிச்சயமா அழிக்கவா'ன்னு கேக்காது. ரெண்டாவது ஆளு ஒப்புதல் கேக்காது. கூட இருந்த அண்ணன் ஒருத்தர், "தம்பி, ஒரு செக் போடேன்"னாரு. நான் பெரிய இவன் மாதிரி, "நாந்தானண்ணே ஓட்டப் போறேன், எனக்குத் தெரியாதா"ன்னேன்.

ஆறு மாசத்துல என்னை வேற டீமுக்கு மாத்திட்டாங்க. எனக்கப்புறம் வந்த பையன் ஒரு நாள் வருசத்தத் தப்பா அடிச்சு ஓட்டிட்டான். எல்லாம் காலி. பேக்கப்லேருந்து எடுத்து வைக்க மூணு ராத்திரி ஆச்சு. மீட்டிங்ல நான் கெத்தா, "ஓட்டினது நான் இல்லையே"ன்னேன். மேனேஜர் அமைதியா ஒண்ணு கேட்டாரு: "ஓட்டினது யாருங்கிறது ரெண்டாவது கேள்வி. இப்படி ஓட்ட முடியுற மாதிரி எழுதி வச்சது யாரு?"

இன்னிக்கு வரைக்கும் அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

இப்ப பற்று

2002ல வைகோவ பொடாவுல தூக்கி உள்ள போட்டது ஞாபகம் இருக்கா? திருமங்கலத்துல பேசின பேச்சுக்கு. ஏறக்குறைய பத்தொம்போது மாசம் உள்ள இருந்தாரு. பழ.நெடுமாறனும் அதே சட்டத்துல உள்ள போனார். அந்தச் சட்டத்த எடுப்போம்னு சொல்லித்தான் 2004ல காங்கிரஸ் கூட்டணி வந்துச்சு. எடுக்கவும் செஞ்சாங்க. ப.சி. அப்போ நிதியமைச்சர்.

நாலே வருசம். 2008 நவம்பர் 26, மும்பை. 166 உயிர். உள்துறை அமைச்சரா இருந்த சிவராஜ் பாட்டீல் ராஜினாமா பண்றார், ப.சி. வர்றார். வந்து மூணு வாரத்துல, டிசம்பர் நடுவுல, ரெண்டு மசோதா. ஒண்ணு தேசியப் புலனாய்வு முகமை, அதான் என்.ஐ.ஏ. இன்னொண்ணு சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்கு, அதான் ஊபாவுக்கு, ஒரு திருத்தம். ரெண்டு நாள்ல ரெண்டு அவையிலும் நிறைவேறிடுச்சு. எதிர்க்கட்சியா இருந்த பா.ஜ.க.வும் கூட நின்னுச்சு.

அந்தத் திருத்தத்துல 43டின்னு ஒரு பிரிவு. வக்கீல் பாஷையில இல்லாம சொல்றேன்:

ஒண்ணு, சாதாரண வழக்குல 60 இல்லேன்னா 90 நாளுக்குள்ள குற்றப்பத்திரிகை தாக்கல் பண்ணலேன்னா ஜாமீன் உரிமை வந்துரும். இதுல அத 180 நாள் வரைக்கும் இழுக்கலாம்.

ரெண்டு, ஜாமீன் கேட்டுப் போனா, போலீஸ் குடுத்த காகிதத்தப் படிச்சுப் பாத்து, குற்றச்சாட்டு மேலோட்டமாப் பாத்தாலே உண்மைன்னு நம்ப நியாயமான காரணம் இருக்குன்னு நீதிபதிக்குத் தோணிட்டா, ஜாமீன் கெடையாது. 2019 ஏப்ரல்ல வட்டாலி வழக்குல உச்ச நீதிமன்றம் இத இன்னும் இறுக்கிடுச்சு. அந்தக் கட்டத்துல சாட்சியத்த ஆழமா அலசக் கூடாதுன்னு சொல்லிருச்சு. சுருக்கமா, போலீஸ் எழுதினதே சாட்சி, அதுவே தீர்ப்பு மாதிரி. விசாரணை முடியுற வரைக்கும் உள்ள. விசாரணை எப்ப முடியும்? அது ஆண்டவனுக்கும் கோர்ட் குமாஸ்தாவுக்கும்தான் வெளிச்சம்.

பொடாவ வாசல் வழியா வெளிய அனுப்பிட்டு கொல்லைப்புறமா கூட்டிட்டு வந்த கதைதான் இது. பொடாவுக்காவது காலாவதித் தேதி இருந்துச்சு. இதுக்கு அதுவும் கெடையாது.

அடுத்தது சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டம். அமலாக்கத்துறை கையில இருக்குற அந்தப் பெரிய கம்பு. இது வாஜ்பாயி ஆட்சியில நிறைவேறினது, மறுக்கல. ஆனா 2005 ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்குக் கொண்டு வந்தப்ப நிதியமைச்சர் யாரு? 2012 கடைசியில அதுல ஒரு திருத்தம் வந்து, பட்டியல்ல 'பி' பகுதியில இருந்த ஏகப்பட்ட குற்றங்கள 'ஏ' பகுதிக்குத் தூக்கிப் போட்டாங்க. 'ஏ' பகுதிக்குத்தான் அந்தக் கடுமையான ஜாமீன் நிபந்தனை: நீ குற்றவாளி இல்லேன்னு நம்ப நியாயமான காரணம் இருக்குன்னு, விசாரணை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, நீதிபதி திருப்தி ஆகணும். அந்தத் திருத்தம் நிறைவேறினப்ப நிதியமைச்சர் யாரு? ரெண்டுக்கும் பதில் ஒரே ஆளுதான்.

விளைவு ஒண்ணு: விரகலூர்

திருச்சி மாவட்டம் விரகலூர்ல 1937ல பொறந்தவர் ஸ்டான் சுவாமி. இயேசு சபைப் பாதிரியார். ஜார்க்கண்ட் பக்கம் போயி ஆதிவாசிகளுக்கு நெலம், காடு, சிறையில கெடக்குற பழங்குடிப் பசங்கன்னு பல வருசம் வேலை செஞ்சவரு. 2020 அக்டோபர் 8, பீமா கோரேகாவ் வழக்குல என்.ஐ.ஏ. அவரைக் கைது பண்ணுச்சு. ஊபா சட்டம். வயசு 83. பார்க்கின்சன் நோய். கை நடுக்கத்துல டம்ளரப் பிடிச்சுத் தண்ணி குடிக்க முடியல. உறிஞ்சு குழல் கேட்டு கோர்ட்டுக்கு மனு போட வேண்டி இருந்துச்சு. ஜாமீன் கேட்டாரு, 2021 மார்ச்ல சிறப்பு நீதிமன்றம் மறுத்துச்சு. 2021 ஜூலை 5, உயர் நீதிமன்றத்துல ஜாமீன் மனு நிலுவையில இருக்கும்போதே ஆஸ்பத்திரியில செத்துப் போனார். விசாரணையே தொடங்கல.

கைது பண்ணினது ப.சி.யா? இல்ல. அப்போ ஆட்சியில இருந்தது மோடி அரசு. அந்தப் பழி அவங்களது. அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல.

ஆனா கைது பண்ணின அமைப்ப உண்டாக்கினது யாரு? ஜாமீன் கதவுக்குப் பூட்டுப் போட்டது யாரு? 1969ல இடதுசாரிப் பத்திரிகை நடத்தின அந்த இளைஞன் மாதிரி ஆளுகளத்தான் இந்தச் சட்டம் முதல்ல தேடிப் புடிக்கும்னு, அதே ஆளுக்கு 2008ல தோணலையா? 'நாந்தானண்ணே ஓட்டப் போறேன்.' அவ்ளோதான் விசயம்.

விளைவு ரெண்டு: ஜோர் பாக்

2010 ஜூலை. ப.சி. உள்துறை அமைச்சர். குஜராத்ல அமித் ஷாவ சொராபுதீன் வழக்குல சி.பி.ஐ. கைது பண்ணுது. (2014 டிசம்பர்ல கோர்ட் அவரை அந்த வழக்குலேருந்து விடுவிச்சிருச்சு.) 2019 ஆகஸ்ட். அமித் ஷா உள்துறை அமைச்சர். டெல்லி ஜோர் பாக்ல இருக்குற ப.சி. வீட்டு மதில் சுவர ஏறிக் குதிச்சு சி.பி.ஐ. உள்ள போகுது. ஐ.என்.எக்ஸ். மீடியா வழக்கு. அன்னிக்கு ராத்திரி அவரைக் கொண்டு போயி வச்ச சி.பி.ஐ. தலைமையகம், 2011ல தொறந்தப்ப உள்துறை அமைச்சரா அவரே விழாவுக்குப் போயிருந்த கட்டடம். அப்புறம் தீகார். அக்டோபர்ல அமலாக்கத்துறையும் கைது பண்ணுச்சு. மொத்தம் 106 நாள் கழிச்சு, டிசம்பர் 4ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்துச்சு.

டீக்கடையில ரெண்டாவது பெருசு சிரிச்சது இதுக்குத்தான். நெட்லயும் அன்னிக்கு ஒரே குஷி. 'கர்மா'ன்னு ஆயிரம் மீம்ஸ். நானும் காலேஜ் வாட்ஸப் குரூப்ல ஒண்ணு ஃபார்வர்டு பண்ணேன், மறைக்கல. இன்னிக்கு அதுக்கு வெக்கமா இருக்கு.

ஏன்னா அந்த வழக்குல இந்தப் பதிவு எழுதுற வரைக்கும் அவரு குற்றவாளின்னு எந்தக் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லல. தீர்ப்பு இல்லாம 106 நாள். உச்ச நீதிமன்றத்துலயே மூத்த வழக்கறிஞரான ஒரு ஆளுக்கு, நாட்டுல இருக்குற பெரிய பெரிய வக்கீலெல்லாம் வந்து நின்ன ஒரு ஆளுக்கு, 106 நாள்னா, கல்லல் சந்தையில காய்கறி விக்கிற ஒருத்தன் மகன் மாட்டினா எத்தன வருசம்? அந்தக் கேள்வி நமக்கு வரல. நமக்கு மீம்ஸ் வந்துச்சு. எதிரிய அடிக்குதுன்னா கம்பு எவ்வளவு நீளம்னு யாரும் அளக்குறது இல்ல.

இதோட முடியல. 2022 ஜூலை 27, பணப்பரிமாற்றச் சட்டத்தோட அந்த ஜாமீன் நிபந்தனைகள் செல்லும்னு உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. அத மறுஆய்வு செய்யணும்னு மனு போட்டது யாருன்னு நெனைக்கிறீங்க? கார்த்தி சிதம்பரம். 2014ல நம்ம தொகுதியில நாலாவது எடத்துக்குப் போயி டெபாசிட் இழந்து, 2019லயும் 2024லயும் ஜெயிச்சு எம்.பி. ஆனவரு. அப்பா காலத்துல நீட்டின கம்பு இவ்ளோ நீளமான்னு மகன் கோர்ட்ல போயி கேக்குறார். கேக்குறது சரிதான், அந்த மனு ஜெயிக்கணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா வீட்டுல ஒரு தடவ அப்பாகிட்டயும் கேட்டிருப்பாரான்னு தெரிஞ்சுக்கவும் ஆசை.

நாற்காலி சுத்துறதுக்கு இன்னொரு கூத்து. ப.சி. கொண்டு வந்த தேசியப் பயங்கரவாத எதிர்ப்பு மையத்த 2012ல மாநில உரிமையில கை வைக்குதுன்னு முதலமைச்சர்கள் சேந்து எதிர்த்தாங்க. ஜெயலலிதா, மம்தா, அந்த வரிசையில குஜராத் முதல்வர் நரேந்திர மோடியும். அன்னிக்கு மாநில உரிமை பேசினவரு 2014க்கு அப்புறம் டெல்லி நாற்காலிக்கு வந்ததும், என்.ஐ.ஏ.வுக்கு 2019ல இன்னும் அதிகாரம் கூட்டினார். அதே 2019 ஆகஸ்ட் 2ஆம் தேதி, தனிமனுசனையே பயங்கரவாதின்னு அரசாங்கம் அறிவிக்கலாம்ங்கிற ஊபா திருத்தத்த மாநிலங்களவையில ப.சி. எதிர்த்துப் பேசினார். நல்ல பேச்சு. பதினொரு வருசம் லேட்.

பின்னூட்டத்துல வரப்போற கேள்விகள், நானே கேட்டுக்கிறேன்

'166 பேரு செத்திருக்காங்க, கைய கட்டிட்டு இருக்கச் சொல்றியா?' இல்லப்பா. தேசிய அளவுல ஒரு புலனாய்வு அமைப்பு வேணும்னா வச்சுக்கலாம். கடலோரக் காவல் வேணும், போலீஸுக்கு நல்ல துப்பாக்கி வேணும், உளவுத் தகவல் சரியான கைக்குப் போய்ச் சேரணும். கசாப்பத் தூக்குல போட்டது இந்த ஜாமீன் பிரிவு இல்ல, சாட்சியத்த வச்சு ஒழுங்கா நடந்த விசாரணை. அந்தத் தாக்குதல் நடந்தது புதுச்சட்டம் வர்றதுக்கு முன்னாடி. பழைய சட்டங்களே தண்டனை வாங்கிக் கொடுக்கப் போதுமா இருந்துச்சு.

'அவரு ஒருத்தரா சட்டம் போட்டாரு? அமைச்சரவை, நாடாளுமன்றம் எல்லாம் இருக்குல்ல?' இருக்கு. எல்லாருக்கும் பங்கு இருக்கு, எதிர்க்கட்சிக்கும் சேத்துதான். ஆனா கூட இருந்தவங்க பல பேருக்கு சட்டத்தப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு சாக்குச் சொல்லலாம். இவருக்கு அந்தச் சாக்கு கெடையாது. ஒவ்வொரு கமாவுக்கும் கோர்ட்ல என்ன அர்த்தம் வரும்னு தெரிஞ்ச ஆளு. ராஜீவ் காலத்துல தடா சட்டம் ஓடினப்ப உள்நாட்டுப் பாதுகாப்புக்கு அவருதான் இணை அமைச்சர். அந்தச் சட்டம் எப்படித் தவறாப் போச்சுன்னு பக்கத்துலேருந்து பாத்தவரு. தெரியாமப் பண்ணினதவிட தெரிஞ்சு பண்ணினதுக்குத்தான் வட்டி அதிகம்.

'நீ பா.ஜ.க.வா?' ஆமா, போன மாசம் தி.மு.க.ன்னு சொன்னீங்க, அதுக்கு முந்தி தம்பின்னீங்க. ஏதாவது ஒண்ணுல நில்லுங்கய்யா. இந்தச் சட்டங்கள வச்சு ஸ்டான் சுவாமிய உள்ள போட்டவங்களுக்கு நான் எப்படி வக்காலத்து வாங்க முடியும்? எழுதினவன் மேல கேள்வி கேட்டா ஓட்டினவன் யோக்கியன் ஆயிருவானா?

'இப்பதான் திருந்திட்டாரே?' பாதி ஒத்துக்கிறேன். 2024 காங்கிரஸ் தேர்தல் அறிக்கைக் குழுவுக்கு அவருதான் தலைவர். அதுல ஜாமீன்தான் விதி, சிறை விதிவிலக்குன்னு ஒரு சட்டமே கொண்டு வருவோம்னு வாக்குறுதி இருந்துச்சு. நல்ல வாக்குறுதி. ஆனா வாக்குறுதி வேற, பொறுப்பேத்துக்கிறது வேற. பேரேட்டுல ஒரு பக்கத்தக் கிழிச்சுட்டு புதுக் கணக்கு ஆரம்பிக்கிறேன்னு சொன்னா எங்க ஊரு வட்டிக்கடையில கூட ஒத்துக்க மாட்டாங்க. பழைய பாக்கி எவ்வளவு, யார் பேருல, எந்தத் தேதியில வாங்கினதுன்னு எழுதி, கீழ கையெழுத்துப் போடணும்.

அதனால?

என்னோட கோரிக்கை சின்னது. அவரு நல்லா எழுதுறவரு. வாராவாரம் ஆங்கிலப் பத்திரிகையில பத்தி எழுதி, அது தமிழ்லயும் வந்தத நாம படிச்சிருக்கோம். பட்ஜெட்ட மூணே பத்தியில கிழிச்சுத் தொங்க விடுவாரு. ஒரே ஒரு வாரம் 2008 டிசம்பரப் பத்தி எழுதட்டும். 'என் கையெழுத்துல வந்த சட்டம், இன்னாரு கைக்குப் போகும்னு நான் நெனச்சுப் பாக்கல, அது என் தப்பு'ன்னு ஒரு பத்தி. அவருகிட்டேருந்து அது வந்தா அதுக்கு இருக்குற எடையே வேற. அடுத்தாப்புல உள்துறை நாற்காலியில உக்காரப் போறவன், அது எந்தக் கட்சியா இருந்தாலும், பேனாவ எடுக்குறப்ப ஒரு நிமிசம் யோசிப்பான்.

நமக்கும் ஒரு கோரிக்கை. 2009ல நம்ம தொகுதியில அவரு ஜெயிச்சது வெறும் 3,354 ஓட்டு வித்தியாசத்துல. அந்த ஓட்டு எண்ணிக்கையப் பத்தி எங்க ஊருல இன்னும் சண்டை நடக்குது. உண்மையில ஜெயிச்சது யாரு, ராஜ கண்ணப்பனா இவரான்னு. ஆனா அந்தத் தேர்தல் நடந்தது அந்தச் சட்டம் நிறைவேறி அஞ்சே மாசத்துல. ஊபாவக் கொண்டு வந்த உள்துறை அமைச்சரே நேர்ல வந்து நம்மகிட்ட ஓட்டுக் கேட்டாரு. சிவகங்கைச் சீமையில ஒருத்தராவது அவரை நிறுத்தி, "ஐயா, அந்த 43டி எதுக்கு?"ன்னு கேட்டோமா? நமக்கு ரோடு வேணும், ரயில் நிக்கணும், பேங்க் வேணும். அதெல்லாம் வேணுந்தான். ஆனா இந்தியாவுலயே அந்தக் கேள்விய வீட்டு வாசல்ல வச்சு நேருக்கு நேராக் கேட்டிருக்கக் கூடியது நம்ம தொகுதிக்காரங்க மட்டுந்தான். நாம கேக்கல. எங்க அப்பாவும் கேக்கல. அவரு அன்னிக்கு என் அக்காவோட கடன நெனச்சுக்கிட்டு ஓட்டுப் போட்டுட்டு வந்தாரு. அவரை நான் குறை சொல்லல.

அதான் சொன்னேன், பற்றுல பாதி நம்ம பேருலயும் எழுதணும்னு. சொல்லலையா? சரி, இப்பச் சொல்லிட்டேன்.

அடுத்த தடவ ஊருக்குப் போறப்ப அந்த மூணாவது பெருசுகிட்ட இதச் சொல்லலாம்னு இருக்கேன். பேப்பர்லேருந்து தலைய எடுத்தாருன்னா.

டிஸ்கி 1: நான் வக்கீல் இல்ல. சட்டப் பிரிவ எளிமையாச் சொல்றேன்னு எங்கயாவது சொதப்பி இருந்தா பின்னூட்டத்துல திருத்துங்க. சண்டை போடாமத் திருத்தினா டீ வாங்கித் தர்றேன்.

டிஸ்கி 2: அந்த ஸ்கிரிப்ட்ல இப்ப ரெண்டு பேரு ஒப்புதல் கொடுத்தாத்தான் ஓடும். மாத்தி எழுதினது நாந்தான். மொத வரியில ஒரு குறிப்பும் எழுதி வச்சிருக்கேன்: 'இத முதல்ல தப்பா எழுதினவன் நான்.' அத எழுதுறதுக்கு ரெண்டு நிமிசம்தான் ஆச்சு. மனசு வர்றதுக்குத்தான் ஒரு வருசம் ஆச்சு.